கூடைக் கயிறு

குழந்தை பேசவில்லை. அந்த வீட்டில் அதுதான் முதல் கவலை, மற்ற கவலைகள் எல்லாம் அதற்குப் பின்னால்தான் வரிசையில் நின்றன.

இரண்டு வயது முடிந்துவிட்டது. ஓடுவாள், ஏறுவாள், அப்பாவின் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றுவாள். பிஸ்கட் டப்பாவை எங்கே ஒளித்து வைத்தாலும் மோப்பம் பிடித்துவிடுவாள். காதில் ஒரு குறையும் இல்லை என்று பரிசோதித்துச் சொல்லிவிட்டார்கள். ஆனால் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. வேண்டியதைக் கைநீட்டிக் காட்டுவாள், கிடைக்காவிட்டால் தரையில் படுத்துவிடுவாள். அவள் வயதுப் பிள்ளைகள் எல்லாம் கதை கதையாய்ப் பேசும்போது அம்மாவுக்கு வயிறு பற்றி எரியும். யாரைப் பார்த்தாலும் "உங்க குழந்தை எப்பங்க பேசிச்சு?" என்று கேட்பாள். பதிலைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அழுவாள்.

அப்பா பெயிண்டர். உயரமான கட்டடங்களின் வெளிச்சுவருக்கு வர்ணம் அடிக்கிறவன். கூட வேலை செய்கிறவன் அவனுடைய மச்சினன், அதாவது மனைவியின் தம்பி. அவர்கள் வேலை செய்யும் முறை ரொம்ப எளிது, கொஞ்சம் பயங்கரமும்கூட. மொட்டைமாடியிலிருந்து தொங்கும் ஒரு பலகையில் ஒருவன் உட்காருவான். இன்னொருவன் மேலே நிற்பான். பலகையின் கயிற்றை இரும்புத் தூணில் இரண்டு சுற்று சுற்றி, மிச்சத்தைக் கையில் பிடித்திருப்பான். கீழே இருப்பவன் "விடு" என்றால் மேலே இருப்பவன் பிடியைத் தளர்த்துவான், பலகை இறங்கும். "பிடி" என்றால் இறுக்குவான். ஒருவன் உயிர் இன்னொருவன் உள்ளங்கையில். பெரும்பாலும் மேலே நின்று கயிறு பிடிப்பது அப்பாதான். மச்சினன் ஆள் ஒல்லி, பலகைக்குத் தோதானவன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டீச்சரிடம் போனது அம்மாவின் பிடிவாதம். அந்த டீச்சர் நல்ல மாதிரி. குழந்தையோடு தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் விளையாடிவிட்டு இப்படிச் சொன்னார்:

"குழந்தைய உக்கார வச்சு சொல்லு சொல்லுன்னு உயிர எடுக்காதீங்க. வீட்ல செய்ற வேலைய வாயால சொல்லிக்கிட்டே செய்ங்க. துணி மடிக்கிறப்ப சட்டை, துண்டு. குளிப்பாட்டுறப்ப தண்ணி, சோப்பு. அப்புறம் பாதியில நிறுத்திட்டு அவ முகத்தையே பாத்துட்டு இருங்க. மிச்சத்த அவ முடிக்கட்டும்."

"முடிக்கலேன்னா?" என்றாள் அம்மா.

"காத்திருங்க. ஆனா ஒண்ணு. வாயத் தெறந்து ஒரு வார்த்தை சொல்லிட்டான்னா, அந்த நிமிஷமே அது நடக்கணும். 'இரும்மா', 'அப்புறம்மா'ங்கிற பேச்சே இருக்கக் கூடாது. நாம சொன்னா நடக்குதுன்னு அவளுக்குப் புரியணும். அப்பத்தான் அடுத்த வார்த்தை வரும்."

அம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். காலையில் எழுந்ததிலிருந்து அவள் வாய் ஓயாது. கதவைத் திறக்கிறேன், குழாயை மூடுகிறேன், வெங்காயம் உரிக்கிறேன், பார் பார் கண்ணில் தண்ணி. மச்சினன் சாப்பிட வந்தால் சிரிப்பான்.

"அக்கா, நீ பேசுற பேச்சுக்கு கரண்டியும் கதவும் பேச ஆரம்பிச்சிரும் போல. குட்டி மட்டுந்தான் அசைய மாட்டேங்குறா."

"நீ வாய வச்சுக்கிட்டு சும்மா தின்னுடா" என்பாள் அக்கா.

முதல் வார்த்தை வந்தது அப்பாவின் கையில்.

அவர்கள் வீடு மூன்றாவது மாடி. கீழே காய்கறிக் கடை. படியிறங்க அலுத்தவர்கள் பால்கனியிலிருந்து கூடையைக் கயிற்றில் இறக்குவார்கள், கடைக்காரர் சாமான் போட்டதும் இழுத்துக்கொள்வார்கள். அன்று சாயங்காலம் அப்பா தக்காளிக்காகக் கூடையை இறக்கப் போனான். குழந்தை காலைக் கட்டிக்கொண்டு நின்றாள். தொழில் புத்தி எங்கே போகும்? கயிற்றைக் கம்பியில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டான். டீச்சர் சொன்னது நினைவுக்கு வந்தது. நாள் முழுக்கத் தன் காதில் விழுகிற வார்த்தைதான் முதலில் அவன் நாக்கில் வந்தது.

"கூடைய விடு. குட்டி, கூடைய..." என்று நிறுத்தினான்.

காத்திருந்தான். குழந்தை கூடையைப் பார்த்தாள், அவன் கையைப் பார்த்தாள். பிறகு உதட்டைக் குவித்து, மணி அடித்த மாதிரி சொன்னாள்:

"விடு."

அவன் கை தானாகத் திறந்தது. கூடை விர்ரென்று இறங்கியது.

அம்மா சோப்பு நுரைக் கையோடு ஓடி வந்தாள். "என்ன சொன்னா? இன்னொரு தடவ சொல்லச் சொல்லுங்க!" இழுத்தார்கள், காத்திருந்தார்கள், "விடு" என்றாள், இறக்கினார்கள். ஒவ்வொரு தடவையும் மூன்று பேரும் கைதட்டினார்கள். கடைக்காரர் கீழேயிருந்து கத்தினார்: "யோவ், வாங்குறதுன்னா வாங்கு! இல்லேன்னா கூடைய வச்சு ஊஞ்சலாட்டாத! என் கஸ்டமருக்கெல்லாம் கழுத்து சுளுக்குது!"

அன்றைக்கு அம்மா சிரித்துக்கொண்டே அழுதாள்.

அதற்குப் பிறகு சாயங்காலம் ஆனால் கூடை விளையாட்டுதான். அப்பா இருந்தால் அப்பா, மாமன் வந்தால் மாமன், யாருமே இல்லாவிட்டால் அம்மா. கயிற்றைப் பிடித்து நிற்க வேண்டியது, குழந்தை சொன்னதும் விட வேண்டியது, கைதட்ட வேண்டியது. வேறு வார்த்தைகள் மட்டும் வரவில்லை. அந்த ஒன்றை வைத்தே எல்லாக் காரியத்தையும் நடத்தினாள். அம்மா சோப்பைப் பிடித்திருந்தால் "விடு", சோப்பு தண்ணீரில் விழும். மாமன் கரண்டியைப் பிடித்திருந்தால் "விடு", கரண்டி தரையில் விழும். உடனே நடக்க வேண்டும் அல்லவா? நடந்தது. குழந்தைக்குக் கண் மின்னும். விழுந்த பொருளைப் பார்த்துவிட்டு, கைதட்டுவதற்காகப் பெரியவர்களின் முகத்தைப் பார்ப்பாள்.

ஒரு காலை. அப்பா சுடச்சுட டீயோடு கூடத்தில் நின்று ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மழை வந்தால் வேலை கெடும், அந்த யோசனை. குழந்தை எப்போது காலடியில் வந்து உட்கார்ந்தாள் என்று அவனுக்குத் தெரியாது.

"விடு."

கப் விழுந்தது.

குழந்தையின் இரண்டு கால்களுக்கும் நடுவில் விழுந்து உடைந்தது. டீ தரையில் ஆவி பறக்க ஓடியது. அதிர்ஷ்டம், அவள் மேல் ஒரு சொட்டுகூடப் படவில்லை. குழந்தை கைதட்டினாள்.

அம்மா ஓடி வந்து தூக்கினாள். "என்னங்க இது, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? சூடா இருந்துச்சா?"

"இல்ல" என்றான். தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான். விடலாம் என்று அவன் நினைக்கவில்லை. அவள் பேசினதே அவன் மண்டைக்குள் போகவில்லை. கை முதலில் கேட்டுவிட்டது, காது பிறகுதான் கேட்டது.

அன்று சாயங்காலமே இன்னொன்று நடந்தது. மச்சினன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான். கையில் சிலந்தி வலை மாதிரி விரிசல் விட்ட போன்.

"பால்கனில நின்னு பேசிட்டிருந்தேன் அத்தான். கை வழுக்கிருச்சு. கடைக்காரர் முட்டைக்கோஸ் மேல விழுந்ததால பொழச்சுது."

"குட்டி பக்கத்துல இருந்தாளா?"

"அவ எப்பவும் பக்கத்துலதான் இருக்கா. அதுக்கென்ன?"

அப்பா அதோடு பேச்சை முடித்துவிட்டான். சந்தேகம் எட்டிப் பார்த்தும், தன் கையைப் போலவே மச்சினனின் கையும் அவள் சொல்லுக்குத் திறக்கும் என்று அவன் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. அங்கேதான் அவன் சறுக்கினான்.

அடுத்து வந்த வேலை அவர்கள் குடியிருந்த கட்டடத்துக்கே. பின்சுவர் முழுக்கப் பாசி பிடித்துக் கிடந்தது. சுரண்டி, வெள்ளை அடித்து, மேலே நீலம் அடிக்க வேண்டும். வீட்டுக்குப் பக்கத்திலேயே வேலை என்று அம்மாவுக்குச் சந்தோஷம். அப்பாவுக்கு உடைந்த கப்தான் நினைவுக்கு வந்தது.

"வேலை நடக்குறப்ப குட்டிய மொட்டைமாடிக்குக் கூட்டிட்டு வராத" என்றான்.

"ஏன்? துணி காயப் போடுறப்பதான் அவளுக்கு சட்டை, துண்டுன்னு சொல்லிக் குடுப்பேன். டீச்சர் சொன்னதே அதானே."

"நான் கயித்தப் பிடிச்சிட்டு நிக்கிறேன்னு வை. இவ வந்து அந்த வார்த்தையச் சொன்னா?"

அம்மா சிரிக்கப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. "பெரிய ஆம்பள நீங்க. ரெண்டு வயசுக் குழந்தை சொன்னா கயித்த விட்டுருவீங்களா?"

"கப்ப விட்டேன்ல?"

அவள் குரல் இறங்கிப்போய்ச் சொன்னாள்: "ஒத்த வார்த்தைங்க. அது ஒண்ணுக்காக நான் எத்தனை நாள் தவங்கெடந்தேன். அதையும் சொல்லாதன்னு அவ வாய அடைக்கச் சொல்றீங்களா? ஒரு தடவ அடைச்சா அப்புறம் தெறக்கவே மாட்டாளோன்னு எனக்குப் பயமா இருக்கு."

"அவள யாரு சொல்லாதன்னு சொன்னா? மாடிக்கு வராதீங்க. அவ்ளோதான்."

"சரி. வரல."

வேலை தொடங்கிய அன்று அவன் மூன்று காரியம் செய்தான். முதலில், தன் கையை நம்பாமல் தானே பலகையில் உட்காருவதாகச் சொன்னான், கயிறு மச்சினன் கையில். இரண்டாவது, தன் இடுப்பில் தனியாக ஒரு கயிறு கட்டி, அதன் மறுமுனையைத் தண்ணீர்த் தொட்டியின் தூணில் கட்டச் சொன்னான். பலகை இறங்க இறங்க, பலகைக் கயிற்றைத் தூணில் தற்காலிகமாக முடிந்துவிட்டு, அந்தக் கயிற்றையும் அவிழ்த்து நீட்டிக் கட்ட வேண்டும். இதுவரை அவர்கள் அப்படிச் செய்ததே இல்லை.

"என்ன அத்தான், கல்யாணப் பொண்ணு மாதிரி பயப்படுறீங்க" என்றான் மச்சினன். "எப்பவும் போல நானே பலகைல உக்காந்திருப்பேன்ல. உங்க வெயிட்டுக்கு கட்டடமே சாஞ்சிரும்."

"வாய மூடிட்டு முடிச்சப் போடு மாப்ள. இன்னொண்ணு. இன்னைக்கு 'விடு'ங்கிற வார்த்தையே கிடையாது. 'இறக்கு'ன்னு சொல்வேன். அதுக்கு மட்டும் இறக்கு. வேற எதுக்கும் கைய அசைக்காத."

"ஏன், 'விடு'க்கு என்ன வந்துச்சு?"

"சொன்னதச் செய்."

"உத்தரவு மகாராஜா."

பலகை இறங்கியது. நாலாவது மாடிச் சுவரைச் சுரண்டினான். பாசி செதில் செதிலாகக் கீழே உதிர்ந்தது, உதிர்ந்த இடத்துக்குப் பலகையில் மாட்டியிருந்த வாளியிலிருந்து வெள்ளை அடித்தான். "இறக்கு" என்றான், இறங்கினான். "பிடி" என்றான், நின்றான். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அவனுக்குத் தன் மேலேயே சிரிப்பு வந்தது.

மூன்றாவது மாடிக்கு வந்தபோது எதிரே அவன் வீட்டு அடுக்களை ஜன்னல். கண்ணாடி சாத்தியிருந்தது. உள்ளே மனைவி உருளைக்கிழங்கு கழுவிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி என்னவோ சொன்னாள். குழந்தை மேடையில் உட்கார்ந்திருந்தாள். திடீரென்று தலை திருப்பி ஜன்னலுக்கு வெளியே தொங்கும் அப்பாவைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. பிறகு அவள் கண் அவன் தலைக்கு மேலே இருந்த கயிற்றுக்குப் போனது. கயிற்றின் வழியாக மெல்ல ஏறி, ஜன்னல் சட்டத்தில் முட்டி நின்றது.

வாய் திறந்தது. கண்ணாடிக்குப் பின்னால் உதடு குவிந்தது. சத்தம் கேட்கவில்லை.

அவன் உதட்டின் மேல் விரலை வைத்தான். ஏன் வைத்தோம் என்று அவனுக்கே கூச்சமாக இருந்தது. "இறக்கு மாப்ள" என்று மேலே பார்த்துக் கத்தினான். ஜன்னலைத் தாண்டிக் கீழே போனதும்தான் மூச்சு வந்தது.

இரண்டாவது மாடி பாதியில் காற்று மாறியது. பின்பக்கத்து வெயில் விளக்கை அணைத்த மாதிரி மறைந்தது. நிமிர்ந்து பார்த்தான். வானம் ஒரு பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. முதல் சொட்டு அவன் முழங்கையில் விழுந்தது.

மேலே அடுக்களை ஜன்னல் திறக்கும் சத்தம். மனைவியின் குரல்: "ஐயோ, துணி!"

அவ்வளவுதான். ஜன்னல் படார் என்று சாத்திக்கொண்டது. உள்ளே எங்கேயோ கதவு அடித்துக்கொண்டது.

மொட்டைமாடிக் கொடியில் குழந்தையின் துணி பூராவும் காய்கிறது. அவள் அதை எடுக்க ஓடுகிறாள். குழந்தையை வீட்டில் தனியாக விட்டுவிட்டுப் போகிறவள் இல்லை அவள். இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் போவாள். வேண்டுமென்று செய்கிற காரியம் இல்லை இது. மழை வந்தால் எந்த அம்மாவும் செய்வதுதான்.

"மாப்ள!" என்று கத்தினான். "இறக்கு! சீக்கிரம் இறக்கு!"

"இருங்கத்தான், இடுப்புக் கயித்த அவுத்துட்டேன்! நீட்டிக் கட்டிட்டு இறக்குறேன்!"

அவன் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். இடுப்புக் கயிறு தளர்ந்து அவன் பக்கத்தில் பாம்பு மாதிரி நெளிந்து தொங்கியது. கட்டுகிறானா? கட்டிவிட்டானா? மேலே கைப்பிடிச் சுவரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. காற்று பலகையை மெல்லத் திருப்பியது. கீழே பின்முற்றத்து சிமெண்டுத் தரை, ஓரத்தில் ஒரு பழைய சைக்கிள்.

"கட்டிட்டேன்!" என்றான் மச்சினன். "பலகைக் கயித்தயும் கைல எடுத்துட்டேன். இப்ப இறக்..."

அவன் முடிப்பதற்குள் மொட்டைமாடிக் கதவு கிறீச்சிட்டது. அம்மாவின் செருப்புச் சத்தம் கொடிப் பக்கமாக ஓடியது. "குட்டி, இங்கயே நில்லு, அம்மா சட்டைய எடுத்துட்டு..."

பிறகு ஒரு கணம் ஒன்றுமில்லை. காற்றுகூட நின்ற மாதிரி இருந்தது.

மாமன் கயிறு பிடித்து நிற்கிறான். தூணில் சுற்றியிருக்கிறது. கயிறு சுவரைத் தாண்டிக் கீழே போகிறது. கூடை விளையாட்டுக்கும் இதற்கும் அந்தக் குழந்தைக்கு என்ன வித்தியாசம் தெரியும்?

அந்தக் குரல் மணி மாதிரி, சுத்தமாக, கீழே வரைக்கும் கேட்டது.

"விடு."

பலகை அவனுக்கு அடியிலிருந்து காணாமல் போனது.

சுவர் மேல்நோக்கி ஓடியது. கத்தினானா என்று தெரியாது. பிறகு இடுப்பை யாரோ இரண்டாக வெட்டின மாதிரி ஒரு இழுப்பு. விலா எலும்பில் என்னவோ நொறுங்கியது. தோள் சுவரில் மோதியது. பெயிண்ட் வாளி கீழே போய் விழுந்து, சிமெண்டுத் தரை முழுக்கவும் சைக்கிள் மேலும் வெள்ளை தெறித்தது.

முடிச்சு பிடித்திருந்தது. தரைக்கு ஆள் உயரத்துக்கு மேல் அவன் ஆடிக்கொண்டிருந்தான்.

மேலேயிருந்து ஒரு சத்தம் வந்தது. ரொம்பச் சின்னச் சத்தம். இரண்டு குட்டிக் கைகள் தட்டும் சத்தம். அது மட்டும் தனியாகக் கேட்டது. அதற்குப் பிறகுதான் மச்சினன் அலறினான்.

அக்கம்பக்கத்தார் ஏணி வைத்து இறக்கினார்கள். காய்கறிக் கடைக்காரர் தாங்கிப் பிடித்து, "உக்காருய்யா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார். அவன் கேட்கவில்லை. விலாவை அமுக்கிக்கொண்டு படியேறினான். ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று ஏறினான்.

மொட்டைமாடியில் மழை வலுத்திருந்தது. துணிகள் தரையில் கிடந்தன. மச்சினன் தொட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்து சிவந்திருந்தன. ஓடுகிற கயிற்றைத் திரும்பப் பிடிக்கப் பார்த்திருக்கிறான்.

"நான் விடல அத்தான்" என்றான். பல் அடித்துக்கொண்டது. "சத்தியமா நான் விடல. நான் பிடிச்சிட்டுத்தான் இருந்தேன். கைதான்... என் கைதான்..."

"தெரியும் மாப்ள."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் கொடிக் கம்பத்துக்கு அடியில் மழையில் நனைந்தபடி உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை. அவளுடைய வலது கை குழந்தையின் வாயை அழுத்திப் பொத்தியிருந்தது. இத்தனை நாள் ஒரு வார்த்தைக்காக ஏங்கிக் கிடந்தவளின் கை. குழந்தை அழவில்லை. கைக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் அகலமாகத் திறந்து அப்பாவைப் பார்த்தன.

"கைய எடு" என்றான்.

அவள் கேட்கவில்லை. கண்ணில் உயிரே இல்லை.

"நான் வந்துட்டேன்ல. எடும்மா. மூச்சு முட்டும்."

எடுக்கவில்லை. அவன் குனிந்தான், விலா குத்தியது, அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். குழந்தையின் கன்னத்தில் நாலு விரலும் வெள்ளைத் தடமாகப் பதிந்திருந்தன. அந்தத் தடம் மெல்லச் சிவந்தது. குழந்தை வாயைத் திறக்கவே இல்லை.

அன்றைக்கும் திறக்கவில்லை, அதற்குப் பிறகும் திறக்கவில்லை. சோப்பைப் பார்ப்பாள், கரண்டியைப் பார்ப்பாள், சும்மா இருப்பாள். பிஸ்கட் வேண்டுமென்றால்கூடக் கை நீட்டுவதில்லை. அம்மா துணி மடிக்கும்போது ஒன்றும் சொல்லாமல் மடித்தாள். வீட்டில் குழாய் சொட்டும் சத்தம் கேட்டது. மச்சினன் கையில் கட்டோடு ஒரு நாள் வந்து வாசலோடு நின்றான், குழந்தையைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, சாப்பிடாமல் போய்விட்டான்.

விலாவில் பட்டை போட்டுப் படுத்திருந்த அப்பா ஒரு சாயங்காலம் எழுந்தான். பரணில் தூக்கிப் போட்டிருந்த கூடையை எடுத்தான். கயிற்றைக் கட்டினான்.

"வேணாங்க" என்றாள் மனைவி, பின்னாலிருந்து. "கும்பிட்டுக் கேக்குறேன்."

"அப்ப இப்படியே ஊமையா இருக்கட்டுமா?"

அவள் சுவரோரமாக நின்றுகொண்டாள், கை இரண்டையும் முந்தானைக்குள் இறுகச் சுருட்டிக்கொண்டு.

அவன் கயிற்றைப் பால்கனிக் கம்பியில் ஒரு சுற்று சுற்றினான். கூடை வெளியே காற்றில் தொங்கியது. குழந்தை வந்து அவன் காலருகில் நின்றாள். கூடையைப் பார்த்தாள். அவன் கையைப் பார்த்தாள். கீழே கடைக்காரர் தராசை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார், இந்த முறை ஒன்றும் கத்தவில்லை.

"கூடைய..." என்றான் அப்பா.

காத்திருந்தான். அவள் சொல்ல வேண்டும் என்று உயிரே தவித்தது. சொல்லிவிடுவாளோ என்று உயிரே நடுங்கியது. கயிற்றைத் தன்னால் முடிந்த மட்டும் இறுக்கிப் பிடித்தான். இந்தத் தடவை அவள் சொல்லட்டும், தான் ஒரு நொடி பொறுத்து, யோசித்து, பிறகு விடவேண்டும். ஒரே ஒரு நொடி. அது தன்னால் முடியும் என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.

குழந்தையின் உதடு மெல்ல அசைந்தது.

வார்த்தை இன்னும் வரவில்லை. அவன் குனிந்து தன் கையைப் பார்த்தான். விரல்கள் ஏற்கெனவே திறக்க ஆரம்பித்திருந்தன.